சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே

எரிவாயுவைப் பற்றிய பயத்தை நம்மில் பலர் வாசற்படியோடு நிறுத்திக்கொள்கிறோம். சமையலறையில் லேசாக வாடை வந்தால் போதும், ஜன்னலைத் திறக்கிறோம், வால்வை மூடுகிறோம், ஸ்விட்சில் கை வைக்காதே என்று குழந்தைகளை அதட்டுகிறோம். தோட்டத்தில் இருக்கும் ஒரு கிரில் அடுப்புக்குக் குழாய் இழுப்பதென்றால் மட்டும் அதே ஆட்கள் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். என் மைத்துனன் அப்படி ஒருவன். "வெளியில்தானே இருக்கிறது அத்தான், கசிந்தாலும் காற்றோடு போய்விடும்" என்று அவன் சொன்னது, குழாய் போட்டு முடித்து அடுப்பு ஒழுங்காக எரியத் தொடங்கிய பிறகும் என்னை விடவில்லை. அவன் விவரம் தெரியாதவன் இல்லை. இயந்திரங்களோடு பழகியவன், கையில் ஸ்பானர் இருந்தால் சோர்வே தெரியாதவன். அவன் சொன்னதில் பாதி உண்மையும் கூட. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாய்வழியாக வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். காற்றின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். திறந்தவெளியில் கசிந்தால் மேலே எழுந்து கலைந்துவிடும். காற்றில் அது ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். அதற்குக் கீழும் பற்றாது, மேலும் பற்றாது. நாலாபக்கமும் காற்றோட்டம் உள்ள இடத்தில் ஒரு சின்னக் கசிவு அந்த 5 சதவீதத்தை எட்டுவது கடினம். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி.யின் குணம் வேறு. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது தரையோடு ஊர்ந்து பள்ளத்தில், சாக்கடையில், நிலவறையின் ஜன்னல் குழியில் போய்த் தேங்கும். புரோப்பேன் 2 சதவீதம் சேர்ந்தாலே எரியத் தயார். ஆக, வெளியில் இருந்தால் ஆபத்தில்லை என்பது எல்.பி.ஜி.க்குச் சுத்தமாகப் பொருந்தாது. எங்கள் வீட்டுக்கு வருவது இயற்கை எரிவாயு. அதனால் மைத்துனனின் கட்சி இன்னும் கொஞ்சம் பலமாகத் தெரிந்தது.

ஆனால் அடுப்பு என்பது அந்தக் குழாயின் ஒரு முனை மட்டும்தான். குழாய் மீட்டர் பக்கத்தில் தொடங்குகிறது, ஒரு சுவரைத் தாண்டுகிறது, மண்ணுக்குள் இறங்குகிறது, தோட்டத்தின் குறுக்கே போகிறது, மறுபடி மேலே வருகிறது. நெருப்பு கண்ணுக்குத் தெரிகிற முனையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். நடுவில் இருப்பதைப் பேச ஆளில்லை.

வேறு என்னவெல்லாம் எரிகிறது

எங்கள் தோட்டத்து கிரில்லுக்குக் குழாய் போட வந்த ஃபிட்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். டேப்பை எடுத்துத் தூரத்தை அளப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வீட்டுக்குள் போய் எரிவாயுவில் ஓடும் ஒவ்வொரு சாதனத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டையும் டார்ச் அடித்துப் படித்தார். தண்ணீர் சூடாக்கும் கருவி, சமையல் அடுப்பு, கடைசியாகப் புதிய கிரில். ஒரு நோட்டில் கிலோவாட் கணக்கு எழுதினார். எங்கள் கிரில்லின் பர்னர்கள் அனைத்தையும் முழுதாகத் திறந்தால் சுமார் 17 கிலோவாட், அதாவது பிரிட்டிஷ் வெப்ப அலகான பி.டி.யு. கணக்கில் மணிக்கு 60,000-க்குச் சற்றுக் குறைவு. சமையலறையில் ஒரு சாதாரண பர்னர் 2, 3 கிலோவாட்டோடு நின்றுவிடும். வெளியில் வைக்கும் அடுப்பு காற்றோடும் குளிரோடும் போட்டி போட வேண்டியிருப்பதால் அதன் பசி பெரியது.

மைத்துனன் ஏற்கெனவே ஒரு அரை அங்குலக் குழாயைத் தேடி எடுத்து வைத்திருந்தான். வேறு ஏதோ வேலையில் மிச்சமானது. "குழாய் குழாய்தானே சார்?" என்றான். ஃபிட்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "குழாய் நல்ல குழாய்தான். இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு வாயுவை இது கொண்டுபோகாது" என்றார்.

இந்த இடத்தை நான் கொஞ்சம் நிதானமாகப் பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் குழாயின் அளவை வசதி சார்ந்த விஷயமாகவே பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக்குள் வரும் இயற்கை எரிவாயுவின் அழுத்தம் மிக அற்பமானது. பல நாடுகளில் 20 மில்லிபார் அளவு. 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ அவ்வளவுதான். குழாய் நீள நீள, வளைவுகள் கூடக் கூட, அந்த அற்பத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உராய்வில் போய்விடும். மீட்டரிலிருந்து கடைசி அடுப்பு வரை போகும் வழியில் 1 மில்லிபாருக்குச் சற்று மேல் இழக்கலாம், அதற்கு மேல் கூடாது என்ற மாதிரியான கணக்கில்தான் அளவு அட்டவணைகள் போடப்பட்டிருக்கின்றன. எல்போ எனப்படும் வளைவு இணைப்பு ஒவ்வொன்றும் கூடுதல் நீளமாகக் கணக்கில் சேரும். அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்குப் போனால் குழாய் கொண்டுசெல்லும் வாயு, அதே நீளத்துக்கு, ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கால் அங்குல வித்தியாசம் கண்ணுக்குச் சிறியது, வாயுவுக்குப் பெரியது.

அளவு போதாமல் போனால் என்ன ஆகும்? சுடர் குட்டையாக எரியும், அவ்வளவுதானே என்று மைத்துனன் கேட்டான். அவ்வளவோடு நின்றால் பரவாயில்லை. கிரில் முழு வேகத்தில் எரியும்போது வீட்டுக்குள் தண்ணீர் சூடாக்கும் கருவி கிளம்பினால் இரண்டுக்கும் வாயு போதாது. பர்னரின் சுடர் தளர்ந்து, உள்ளே குழல் வழியாகப் பின்வாங்கலாம், அல்லது அணைந்துபோகலாம். சமையலறை அடுப்புகள் பலவற்றில் சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு உண்டு. கிரில் அடுப்புகள் பலவற்றில் அது கிடையாது. சுடர் போன பிறகும் வாயு வந்துகொண்டே இருக்கும், மூடி கவிழ்ந்திருந்தால் அதற்குள் சேரும். வெளியே தோட்டத்தில் இருக்கும் அடுப்புக்குள்ளும் ஒரு மூடிய அறை இருக்கிறது என்பது இதில் தெரிகிறது.

இன்னொன்றையும் அவர் பார்த்தார்: அடுப்பு எந்த வாயுவுக்காகச் செய்யப்பட்டது என்பது. ஒரே கன அளவில் புரோப்பேன் தரும் வெப்பம் இயற்கை எரிவாயுவைப் போல இரண்டரை மடங்கு. அதனால் புரோப்பேன் அடுப்பில் வாயு பீறிட்டு வரும் ஜெட் துளை சிறியது, இயற்கை எரிவாயு அடுப்பின் துளை பெரியது. ரெகுலேட்டரின் அழுத்தமும் வேறு. இயற்கை எரிவாயு அடுப்பைச் சிலிண்டரில் மாட்டினால் சுடர் கட்டுக்கடங்காமல் கிளம்பும். மாறாகச் செய்தால் நோயாளிபோல எரியும். தயாரித்தவர்களே மாற்றுவதற்கான பாகங்களைக் கொடுத்தால் மாற்றலாம், கொடுக்கவில்லையென்றால் அந்த அடுப்பை மாற்ற முடியாது என்று அர்த்தம். ஜெட் துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கிக் காட்டுகிற காணொளிகளைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

மண்ணுக்குள்

மண்ணுக்குள் மஞ்சள் நிறப் பாலிஎத்திலீன் குழாய். மண்ணுக்கு மேலே எஃகு. இந்த எல்லைக்கோட்டில் சமரசம் கிடையாது என்றார் ஃபிட்டர். பாலிஎத்திலீன் துருப்பிடிக்காது, மண்ணின் அசைவுக்கு வளைந்துகொடுக்கும். ஆனால் வெயிலில் கெடும், நெருப்பில் உருகும். வெறும் எஃகுக் குழாயோ வெளியில் வண்ணம் பூசிவிட்டால் பல காலம் நிற்கும், பாதுகாப்புப் பூச்சு இல்லாமல் ஈர மண்ணுக்குள் போனால் அரித்துவிடும். இரண்டும் சந்திக்கிற இடத்தில், எஃகு உறைக்குள் பாலிஎத்திலீன் வருகிற மாதிரி தயார்நிலையில் விற்கும் ஏறுகுழாயைப் பயன்படுத்த வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயையோ, அடுப்பு இணைப்புக்கான ஹோஸையோ நீளமாக வாங்கி மண்ணில் புதைப்பதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்களாம்.

எவ்வளவு ஆழம் என்பதில் ஊருக்கு ஊர் விதி மாறும். அமெரிக்காவின் தேசிய எரிவாயு நெறிமுறையான என்.எஃப்.பி.ஏ. 54, குறைந்தது 12 அங்குல மண் மூடியிருக்க வேண்டும், சேதம் நேரக்கூடிய இடமென்றால் 18 அங்குலம் என்கிறது. சுமார் 30 சென்டிமீட்டர், 45 சென்டிமீட்டர். ஒரு தோட்டத்தில் குழாயின் பெரிய எதிரி மண்வெட்டி. ஐந்தாறு வருடம் கழித்து யாரோ ஒரு செடிக்குக் குழி தோண்டுவார், அவருக்கு அங்கே குழாய் போவது தெரிந்திருக்காது. அதனால்தான் குழாயோடு சேர்த்து ஒரு செம்புக் கம்பியையும் புதைக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாயை உலோகம் தேடும் கருவி காணாது, கம்பியைக் காணும். குழாய்க்கு மேலே, பாதி ஆழத்தில், எச்சரிக்கை எழுதிய மஞ்சள் பட்டை ஒன்றும் விரிக்கிறார்கள். மண்வெட்டி முதலில் அந்தப் பட்டையைச் சந்திக்கட்டும் என்பது கணக்கு. நாங்கள் தோண்டும்போதும் இதே எச்சரிக்கை வேண்டியிருந்தது. மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று உரியவர்களிடம் கேட்டுக் குறியிட்ட பிறகே மண்ணில் கை வைத்தோம். தோண்டும் வேலையை நானும் மைத்துனனும் செய்தோம். அதற்கு உரிமம் தேவையில்லை, முதுகெலும்பு போதும்.

சுவர்ப் பக்கம் வந்தபோது மைத்துனனுக்கு ஒரு யோசனை. மண்ணுக்குள் வருகிற குழாய் அப்படியே அஸ்திவாரத்துக்கு அடியில் நுழைந்து வீட்டுக்குள் போய்விட்டால் வெளிச்சுவரில் குழாய் அசிங்கமாகத் தெரியாதே என்றான். ஃபிட்டர் மறுத்தார். குழாய் வீட்டுக்கு வெளியே மண்ணிலிருந்து மேலே ஏறி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்று, தரைமட்டத்துக்கு மேலேதான் சுவரைத் துளைக்க வேண்டும்; துளைக்கும் இடத்தில் ஓர் உறைக்குழாய் இருக்க வேண்டும், அதைச் சுற்றி அடைக்க வேண்டும். ஏன் என்று அப்போது அவர் விளக்கவில்லை. விளக்கம் தானாக வந்தது.

முள் இறங்கியது

குழாய் முழுவதும் பொருத்தியதும் காற்றடித்துச் சோதிக்க வேண்டும். எரிவாயுவை அடைத்துச் சோதிப்பதில்லை; காற்று, அல்லது நைட்ரஜன். ஆக்சிஜன் எக்காரணத்தாலும் கூடாது. வேலை செய்யும் அழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கு, அதாவது 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அல்லது சுமார் 200 மில்லிபாருக்கு ஏற்றிவிட்டு, குறைந்தது 10 நிமிடம் அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது பரவலாக உள்ள முறை. அந்த நேரத்தில் அடுப்பைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். அடுப்பின் வால்வுகளும் ரெகுலேட்டரும் அரை பி.எஸ்.ஐ. வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டவை. சோதனைக் காற்று அவற்றுக்குள் போனால், கசிவைத் தேடப்போய்க் கசிவை உண்டாக்கிய கதையாகிவிடும். அழுத்தமானியும் முக்கியம். 100 பி.எஸ்.ஐ. வரை காட்டும் மானியில் 3 பி.எஸ்.ஐ.யில் ஏற்படும் சிறு இறக்கம் முள்ளின் தடிமனுக்குள்ளேயே மறைந்துபோகும். அவர் கொண்டுவந்தது சிறிய வீச்சுள்ள மானி.

முள் இறங்கியது. கொஞ்சம்தான், ஆனால் இறங்கியது. மைத்துனன் வானத்தைப் பார்த்தான். "இப்போதுதான் மேகம் மறைத்தது. குழாய் குளிர்ந்திருக்கும்" என்றான். அவன் சொன்னது பௌதிகப்படி சரி. அடைபட்ட காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அதன் முழு அழுத்தம் சுமார் 1 சதவீதம் குறையும். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 200 மில்லிபார் காட்டும் மானியில் அது 12 மில்லிபார் இறக்கமாகத் தெரியும். ஃபிட்டரும் அதை மறுக்கவில்லை. "இருக்கலாம் தம்பி, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வெயில் தாழும்வரை காத்திருந்தார். மறுபடி ஏற்றினார். குழாயின் பெரும்பகுதி மண் மட்டத்துக்குக் கீழே நிழலில் கிடந்தது, மேலே தெரிந்த பகுதியும் குளிர்ந்துவிட்டது. முள் அப்போதும் இறங்கியது.

சோப்பு நுரையை எடுத்தார். கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு மரையிலும், கழற்றி மாட்டும் இணைப்பான யூனியனிலும், வால்வின் கழுத்திலும் தடவினார். ஒரு குமிழ்கூட இல்லை. (வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு சோப்பு போதாது என்பதை அங்கேதான் அறிந்தேன். அம்மோனியா கலந்த கழுவுநீர் பித்தளையில் நாளடைவில் விரிசல் உண்டாக்கும். கசிவு பார்ப்பதற்கென்றே விற்கும் திரவம் நல்லது, சோதித்த பின் துடைத்துவிடுவது இன்னும் நல்லது. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் ஆட்களும் உண்டு. அவர்களோடு பேச எனக்கு ஒன்றுமில்லை.) பள்ளம் பெரும்பாலும் திறந்தே கிடந்தது, அங்கும் இணைப்புகள் சுத்தம். சுவரின் அடிவாரத்தில் மட்டும், நடைபாதைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று உதவிக்கு வந்த பையன் சோதனைக்கு முன்பே மண்ணைத் தள்ளி மூடி, மேலே கல்பலகைகளையும் திரும்பப் பரப்பிவிட்டிருந்தான். ஃபிட்டரின் முகம் மாறியதை அந்த வேலை முழுவதிலும் அந்த ஒருமுறைதான் பார்த்தேன்.

மைத்துனன் அந்த வாக்கியத்தைச் சொன்னது அப்போதுதான். இருட்டிக்கொண்டு வந்தது, எல்லோருக்கும் களைப்பு. பத்து மடங்கு அழுத்தத்தில் இவ்வளவுதான் இறங்குகிறது என்றால், உண்மையான அழுத்தத்தில் கசிவு கண்ணில் படாத அளவாக இருக்கும், அதுவும் வெளியில்தானே. நான் உள்ளுக்குள் அவன் பக்கம் சாய்ந்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஃபிட்டர் பலகைகளைக் காட்டினார். "சார், இது வெளியா?" என்று கேட்டார். பிறகு அன்றைய தினத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சைப் பேசினார். மண்ணுக்குள் கசிகிற வாயு நேராக மேலே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மேலே கல் பரப்பியிருந்தால், சிமெண்ட் போட்டிருந்தால், மழையில் மண் ஊறி இறுகியிருந்தால், அது பக்கவாட்டில் வழி தேடும். தோண்டி மூடிய பள்ளத்தின் மண் சுற்றிலும் உள்ள மண்ணைவிடத் தளர்ந்தது. வாயுவுக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. அந்த வாய்க்கால் ஒரு முனையில் அடுப்புக்குப் போகிறது, மறு முனையில் வீட்டுச் சுவருக்கு வருகிறது. சுவருக்குக் கீழே விரிசல் இருந்தாலோ, மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ நுழையும் துளை சரியாக அடைக்கப்படாமல் இருந்தாலோ, வாயு வீட்டுக்குள் வந்துவிடும். குழாய் ஏன் அஸ்திவாரத்துக்கு அடியில் நுழையக்கூடாது என்பதற்கும் இதுவே பதில். மண்ணுக்கு மேலே ஏறிச் சுவரைத் துளைக்கும் குழாயைச் சுற்றி வருகிற வாயு, சுவருக்கு முன்பே காற்றில் கலைந்துபோகும்.

அவர் அதோடு விட்டிருந்தால் நான் ஒருவேளை மறந்திருப்பேன். "வாடை வரும் என்று நினைக்கிறீர்கள். மண் வாடையைத் தின்றுவிடும்" என்றார்.

எரிவாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற சிற்றூர்ப் பள்ளியில், கட்டடத்தின் அடியில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து சேர்ந்து, ஒரு பொறியில் வெடித்து ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் வாடை சேர்ப்பது சட்டமாகப் பரவியது. சேர்க்கப்படுவது பெரும்பாலும் கந்தகம் கலந்த மெர்காப்டன் வகைப் பொருள்கள், மிகச் சிறு அளவில். வாயு மண்ணின் ஊடே மெதுவாக ஊடுருவும்போது அந்தப் பொருள்களை மண்துகள்கள் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். மீத்தேனை அப்படிப் பிடிப்பதில்லை. மறுபக்கம் வெளியே வருவது, 1937-இல் அந்தப் பள்ளியின் அடியில் இருந்த அதே வாடையற்ற வாயு. சமையலறையில் கசிந்தால் மூக்கு காப்பாற்றும். வெளியில் கசிந்து, மண்வழியாக உள்ளே வந்தால் மூக்குக்கு வேலையே இல்லை. துருவேறிய எஃகும் வாடையைக் குறைத்துவிடும் என்பதைப் பிறகு படித்தேன்.

இரவோடு இரவாக விளக்கு பிடித்துக்கொண்டு பலகைகளைப் பெயர்த்தோம். மைத்துனன்தான் முதலில் கடப்பாரையை எடுத்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏறுகுழாயும் பாலிஎத்திலீன் குழாயும் சேரும் இடத்தில், குழாயை உள்ளே செருகிப் பூட்டும் வகை இணைப்பு. செருகும் முன் எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று குழாயில் பேனாவால் கோடு போடுவார்கள்; கோடு இணைப்பின் விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். எங்கள் கோடு விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நின்றது. நுரை வைத்ததும் கொப்புளித்தது. ஃபிட்டர் யாரையும் திட்டவில்லை. அந்த இணைப்பை மீண்டும் பயன்படுத்த முடியாதென்று வெட்டி எறிந்தார், குழாயின் முனையை நேராக நறுக்கினார், விளிம்பைச் சீவினார், புதிதாகக் கோடு போட்டு, கோடு மறையும்வரை தள்ளினார். மறுநாள் விடிந்ததும் வெயிலுக்கு முன் காற்றேற்றினோம். முள் நின்றது. அதற்குப் பிறகே பள்ளம் மூடப்பட்டது. மூடும் முன் டேப்பை விரித்து வைத்து நீளவாக்கில் படம் எடுத்து, சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் போகிறது என்று வரைந்தும் வைத்தேன். அந்த வரைபடத்தின் ஒரு பிரதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறது.

மைத்துனன் கேட்ட கேள்விக்கு எனக்கு அன்று முழுப் பதில் கிடைத்ததா என்றால் இல்லை. அந்தக் கசிவு உண்மையில் வீட்டுக்குள் வந்திருக்குமா? வந்திருக்காமலும் போயிருக்கலாம். எங்கள் சுவரில் விரிசல் ஏதும் கண்ணில் படவில்லை. பல வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்று அவன் இன்றும் வாதாடுகிறான். அந்த வாதத்தை என்னால் முறியடிக்க முடியாது. எரிவாயுவில் அலட்சியம் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதே இந்த விஷயத்தின் தொல்லை. அனுபவம் அவர்களுக்குத் தவறான பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது. நான் என் பங்குக்கு, வீட்டுக்குள் ஒரு மீத்தேன் உணர்கருவியைக் கூரைக்குப் பக்கத்தில் மாட்டினேன். எல்.பி.ஜி. என்றால் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

எரிய ஆரம்பித்த பிறகு

கிரில்லுக்குப் பக்கத்தில் ஒரு கால்சுற்று வால்வு நிற்கிறது. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. இருட்டிலும் கையால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். அது அடுப்புக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில், தீப்பிடித்தால் தீயைத் தாண்டாமல் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்று ஃபிட்டர் பிடிவாதம் பிடித்தார். அடுப்பை நகர்த்திச் சுத்தம் செய்ய வசதியாக, கழற்றினால் தானே மூடிக்கொள்ளும் விரைவு இணைப்பும் அதற்கடுத்து ஹோஸும். இதில் ஒரு சிறு விஷயம்: விரைவு இணைப்பில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கசிவைத் தடுக்கிறது, கூம்பாக விரித்து உட்காரும் இணைப்புகளில் உலோகம் உலோகத்தின் மேல் அமர்ந்தே தடுக்கிறது, அங்கெல்லாம் டேப் சுற்றினால் கெடுதல். டேப்பும் பசையும் கூம்பு மரைக்கு மட்டும். எங்கும் டேப், எதிலும் டேப் என்று சுற்றுகிற கைகளைத் தடுப்பது கஷ்டம்.

எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது சிலந்தி. பர்னருக்குள் வாயுவும் காற்றும் கலக்கும் குழலில், அடுப்பு சும்மா கிடக்கும் மாதங்களில், சிலந்திகள் கூடு கட்டுகின்றன. கூடு அடைத்தால் வாயு முன்னால் போக வழியின்றிப் பின்னால், கைப்பிடிகள் இருக்கும் பலகைக்கு அடியில் வந்து எரியும். பெட்ரோல் போன்ற ஹைட்ரோகார்பன் வாடையால் ஈர்க்கப்படும் ஒரு வகை மஞ்சள் சிலந்தி கார்களின் எரிபொருள் தொட்டிக் காற்றுக்குழாயில் கூடு கட்டியதால் 2011-இல் மாஸ்டா நிறுவனம் ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. ஒரு கார் நிறுவனத்தையே ஆட்டிய பூச்சி நம் அடுப்பை விடாது. நீளமான பிரஷ் ஒன்றால் குழல்களைக் குத்திச் சுத்தம் செய்வது, ஹோஸை வளைத்து வெடிப்பு பார்ப்பது, நுரை தடவுவது எல்லாம் ஒரு காலை நேரத்து வேலை. பற்றவைக்கும் முன் மூடியைத் திறந்துவிட வேண்டும். பற்றவில்லையென்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை மைத்துனனும் இப்போது நிற்கிறான். சுடர் நீலமாக, நுனியில் மட்டும் லேசாக மஞ்சள் தட்டி எரிந்தால் நல்லது. முழுக்க மஞ்சளாக எரிந்து கரி படிந்தால் காற்று போதவில்லை, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது என்று பொருள். மழைக்காக அடுப்பைக் கார் நிறுத்தும் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போய் எரிப்பது அதனால்தான் கூடாது. செங்கல் மேடைக்குள் அடுப்பைப் பதிக்கிறவர்கள், மேடையின் வயிற்றில் எதிரெதிராகக் காற்றுத் துளைகள் விட வேண்டும், எல்.பி.ஜி. என்றால் துளைகள் தரையோடு ஒட்டி.

இதையெல்லாம் படித்துவிட்டு, நாமும் ஒரு குழாய் இழுத்துவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம் சற்று ஏமாற்றமாக இருக்கும். அடுப்பு வருடத்தில் சில முறை மட்டுமே எரியும் வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிலிண்டர் போதும். அதன் எல்லா இணைப்புகளும் கண்முன்னே இருக்கின்றன, புதைந்தது எதுவுமில்லை, வேலை முடிந்ததும் மூடிக் கழற்றிவிடலாம். வாரம் தவறாமல் எரிப்பவர்கள், வீட்டுக்கு ஏற்கெனவே குழாய்வழி வாயு வருகிறவர்கள், அளவுக் கணக்கு போடத் தெரிந்த, உரிமம் பெற்ற ஒருவரைக் கூப்பிட்டு, அனுமதி வாங்கிச் செய்யட்டும். அவர் வந்ததும் நேராக டேப்பை எடுத்துத் தூரத்தை அளக்கத் தொடங்கி, வீட்டுக்குள் வேறு என்ன எரிகிறது என்று கேட்காமலே விலை சொன்னால், வேறு ஆளைப் பார்க்கலாம்.